விழுந்த வண்டியை யார் தூக்குவார்?



டெல்லியில் குடியேறிய தமிழருக்குக் கரோல் பாக் என்பது புதிய பெயரன்று. மத்திய அரசு அலுவலகங்களில் வேலை கிடைத்து ரயிலேறி வந்த நம்மவர்கள், வாடகைக்கு அறை தேடி முதலில் வந்து சேர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று இன்றும் அருகிலுள்ள பூசா சாலையில் நடந்துவருகிறது. நமக்கு முன்னரே 1947-ஆம் ஆண்டு தேசப் பிரிவினையில் வீடும் நிலமும் இழந்து, மேற்குப் பஞ்சாபிலிருந்து உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் அங்கே கடைபோட்டார்கள். ஆக, கரோல் பாக் பிழைக்க வந்தவர்களால் உண்டான இடம். பிழைக்க வந்தவர்களின் மனமும் அவ்விடத்திற்குப் புரியும்.

பண்டிகை நாட்களில் துணி வாங்க அஜ்மல் கான் சாலைக்கும், கைப்பேசி பழுதுபார்க்கக் கஃபார் மார்க்கெட்டுக்கும் நம் சபையார் பலர் போய்வந்திருக்கிறார்கள். நானும் போயிருக்கிறேன். ஆனால் 2025-ஆம் ஆண்டு கோடையில் ஒரு சனிக்கிழமை நான் அங்கே போனது, மோட்டார் சைக்கிள்களை அலங்கரிக்கிறதும் திருத்தியமைக்கிறதுமான ஒரு தெருவுக்கு. ஒரு போதகருக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்ல வேண்டுமானால், என் பிழையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிரசங்க பீடத்தில் செய்த பிழை

எங்கள் சபையில் ஒரு தம்பி. சிறு பிராயத்திலேயே ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனப் பரிசுகளை வாங்கியவர். படித்து, ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். பஜாஜ் டோமினார் 400 என்பது அதன் பெயர். 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த வகை. வேகமும் வேண்டும், நெடுந்தூரம் களைப்பின்றிப் போகவும் வேண்டும் என்கிறவர்களுக்காகச் செய்யப்பட்டது. 373 சி.சி. இன்ஜின், நல்ல கனமும் உடையது.

அதன்பின் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் காணாமற்போகத் தொடங்கினார். டெல்லியிலிருந்து அம்பாலா போகும் நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் முர்த்தல் என்று ஓர் ஊர் உண்டு. வெண்ணெய் வழியும் பராட்டாவுக்குப் பெயர்போன தாபாக்கள் அங்கே வரிசையாய் நிற்கும். விடியற்காலத்தில் வண்டியோட்டிகள் கூட்டமாய் அங்கே போய்ச் சிற்றுண்டி அருந்தி, வண்டிகளைப் பற்றி நெடுநேரம் பேசித் திரும்புவார்கள். நம் தம்பியும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

2023-ஆம் ஆண்டு ஒரு ஞாயிறு அவர் ஆராதனைக்கு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பிரசங்கத்தின் நடுவே, "முர்த்தலுக்குப் பராட்டா தின்ன ஓடுகிறவனுக்குப் பரலோக மன்னா எதற்கு?" என்று சொன்னேன். சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பின் அவர் வரவுமில்லை.

நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை. "சத்தியம் சுட்டது, போய்விட்டான்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றபின், ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் போனபிறகு அவருடைய தாயார் எனக்கு முன்பாக வந்து நின்றார்கள். "ஐயா, அவன் இந்தத் தடவை லடாக் போகப்போகிறானாம். மலைப்பாதை. நான் சொன்னால் கேட்கமாட்டான். நீங்கள் ஒரு வார்த்தை பேசுங்கள்" என்று சொல்லி அழுதார்கள்.

அன்றிரவே தொலைபேசியில் அழைத்தேன். தம்பி மரியாதையாகவே பேசினார். "சனிக்கிழமை கரோல் பாக்கில் வண்டிக்கு வேலை இருக்கிறது ஐயா. அங்கே வந்தால் பேசலாம்" என்றார். நூறு ஆடுகளில் ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அந்த ஆடு மெட்ரோ நிலையத்தின் பெயரையும் சொல்லி அழைக்கும் என்று நான் நினைத்ததில்லை.

நாயீவாலா தெரு

கரோல் பாக் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, ஹர்தியான் சிங் சாலைப் பக்கம் நடந்தேன். நாயீவாலா என்று அழைக்கப்படும் அப்பகுதிக்குள் நுழைந்ததுமே காற்று மாறிவிடுகிறது. ரப்பர் வாசனை, பெட்ரோல் வாசனை, இரும்பை அறுக்கும் பொறி. கடைகளின் முகப்பில் பழக்குலைகளைப்போல ஹெல்மெட்டுகள் தொங்குகின்றன. ஒரு கடையில் கண்ணாடிகள் மாத்திரம். அடுத்ததில் இருக்கைகள் மாத்திரம். அதற்கடுத்ததில் சாமான் ஏற்றும் இரும்புச் சட்டங்கள். அந்தச் சட்டத்துக்கு அங்கே 'லடாக் கேரியர்' என்றே பெயர். நடைபாதையிலேயே வண்டிகளைப் பிரித்துப்போட்டு வேலை செய்கிறார்கள். இமயமலைப் பயணத்துக்கு வண்டி வாடகைக்கு எடுக்கவும், பழைய வண்டி வாங்கித் திருத்தவும் வெளிநாட்டினரும் இங்கே வருகிறார்கள்.

எங்கு பார்த்தாலும் புல்லட்டுகள். 1955-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கி, திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவான வண்டி, இன்று பஞ்சாபியர் தங்கள் சொந்தப் பிள்ளையைப்போலக் கொண்டாடும் வண்டியாகிவிட்டது. நம்மூரிலிருந்து வந்து இவ்வளவு நன்றாக வேரூன்றிய இன்னொரு குடியேறியை நான் டெல்லியில் கண்டதில்லை!

தம்பி ஒரு சிறிய பட்டறையின் வாசலில் காத்திருந்தார். அவருடைய வண்டி ஒரு மர மேடைமேல் நின்றது. வெள்ளைத் தாடியுடைய ஒரு சீக்கியப் பெரியவர் அதன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாரும் அவரை 'உஸ்தாத்' என்று அழைத்தார்கள். "எங்கள் பாஸ்டர்" என்று தம்பி இந்தியில் அறிமுகம் செய்தார். 'எங்கள்' என்ற அந்தச் சொல் என் இருதயத்தைத் தொட்டது.

கூட்டுவதும் குறைப்பதும்

வண்டியைத் திருத்துவது என்றால் வண்டிக்கு நகை பூட்டுவது என்றுதான் நான் அதுவரை எண்ணியிருந்தேன். உஸ்தாத் அந்த எண்ணத்தை ஒரு மணி நேரத்தில் மாற்றினார்.

அவர் முதலில் தம்பியை வண்டியின்மேல் உட்காரவைத்தார். முழங்கை எவ்வளவு மடிகிறது, முதுகு எவ்வளவு வளைகிறது, கால் தரையில் எப்படி ஊன்றுகிறது என்று பார்த்தார். கைப்பிடி சற்றே தாழ்வாக இருப்பதால் நெடுந்தூரம் ஓட்டும்போது பாரம் மணிக்கட்டில் இறங்கும் என்று சொல்லி, அதைச் சிறிது உயர்த்தும் கட்டைகளை வைத்தார். "இதற்குமேல் உயர்த்தமாட்டேன். கைப்பிடியை முழுவதும் திருப்பும்போது கேபிள் இழுபடும்" என்றார். சவுலின் கவசத்தைப் போட்டுப் பார்த்து, அது தனக்குப் பழக்கமில்லை என்று கழற்றிவைத்த தாவீதை நினைத்துக்கொண்டேன். ஒருவனுக்குப் பொருந்துவது மற்றொருவனுக்குப் பாரமாகும்.

அடுத்து விளக்கு. மலைப்பாதையின் மூடுபனிக்காகத் தம்பி இரண்டு கூடுதல் விளக்குகளை வாங்கியிருந்தார். அவற்றை நேரே சுவிட்சோடு இணைத்தால் அதிக மின்சாரம் சுவிட்சின் வழியாகவே பாய்ந்து அதை உருக்கிவிடுமாம். ஆகவே நடுவில் ஒரு ரிலேயும் ஒரு பியூஸும் வைத்து, பேட்டரியிலிருந்து தனிக் கம்பி இழுத்தார்கள். காற்றுத் தடுப்புக் கண்ணாடி, கை மறைப்பு, இன்ஜினுக்கு அடியில் கல் படாதபடி ஒரு தகடு ஆகியவையும் இருந்தன. இவ்வகைப் பயணச் சாதனங்கள் சிலவற்றை 2021-ஆம் ஆண்டில் தயாரிப்பு நிறுவனமே பொருத்தி விற்கத் தொடங்கியது என்று தம்பி சொன்னார்.

பின்பு பெட்ரோல் கணக்கு. மணாலியிலிருந்து லே நகருக்குப் போகும் பாதையில் டாண்டி என்னுமிடத்தில் ஒரு பெட்ரோல் நிலையம் உண்டு. அடுத்த நிலையம் 365 கிலோமீட்டர் தொலைவில் என்று அறிவித்த அதன் பலகை, பயணிகளிடையே பல்லாண்டுகளாகப் புகழ்பெற்றது. இந்த வண்டியின் தொட்டி கொள்வது 13 லிட்டர். லிட்டருக்கு 27 கிலோமீட்டர் ஓடினாலும் 351-தான் ஆகிறது. ஏற்றத்தில் அதுவும் குறையும். "வழியில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கணக்கு நம் கையில் இருக்கட்டும்" என்று உஸ்தாத் 5 லிட்டர் கேன் ஒன்றுக்கு இடம் ஒதுக்கினார். புத்தியுள்ள கன்னிகைகளின் எண்ணெய்ப் பாத்திரத்தை இதைவிடத் தெளிவாக எந்த வியாக்கியானத்திலும் நான் படித்ததில்லை.

அங்கே நின்ற ஓர் இளைஞன் தன் புல்லட்டுக்குப் பட்டாசைப்போல வெடிக்கும் சைலன்சர் வேண்டும் என்று கேட்டான். உஸ்தாத் தலையசைத்து மறுத்தார். பதிவுச் சான்றில் கண்டபடியல்லாமல், தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வாகனத்தைத் திருத்துவது கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. உஸ்தாத் இவற்றையெல்லாம் சொல்லவில்லை. "பேட்டா, சத்தம் போடுகிற வண்டி வேகமாய்ப் போகிறது என்று யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். போதகனாகிய எனக்கும் அந்தக் கேள்வி தைத்தது.

கடைசியாகச் சாமான் ஏற்றும் சட்டம். இங்குதான் அவர் அதிக நேரம் செலவிட்டார். கனமான பொருட்கள் தாழ்வாகவும், ஓட்டுகிறவனின் உடலுக்கு அருகிலும், இருபுறமும் சமமாகவும் இருக்கவேண்டும் என்றார். கிராமத்தில் கிணற்று ஏற்றத்தைக் கண்டவர்களுக்கு இது எளிதாய் விளங்கும். பின்முனையில் பாரம் ஏறினால் முன்முனை தானே மேலெழும்பும். அப்படியே, பாரம் பின்சக்கரத்தின் அச்சுக்கு அப்பால் போகப்போக முன்சக்கரம் இலேசாகிறது. இலேசான சக்கரம் தரையைப் பற்றாது. பற்றாத சக்கரம் வளைவில் நாம் திருப்புகிற திசையில் போகாது. அதனால் பின்பக்க ஸ்பிரிங்கையும் பாரத்துக்கு ஏற்ப இறுக்கிவைத்தார்.

இவ்வளவு அக்கறையாக ஏன் இதைச் சொல்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. சிறிது நேரத்தில் தெரிந்துகொண்டேன்.

தேநீர்க் கடையில் கேட்ட சாட்சி

வேலை முடிய இன்னும் நேரமிருந்தது. தெருமுனைத் தேநீர்க் கடையில் வண்டியோட்டிகள் எட்டுப்பத்துப் பேர் கூடியிருந்தார்கள். இஞ்சித் தேநீரும் ரஸ்க்கும் சுற்றி வந்தன. ஒருவர் வங்கியில் வேலை செய்கிறவர், ஒருவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், ஒருவர் பொருட்களை வீடு வீடாகக் கொண்டுசேர்க்கும் வாலிபர். சாதி, மொழி, சம்பளம் எதுவும் அந்தப் பெஞ்சியில் கணக்கில்லை. எந்த டயர் ஈரத்தில் வழுக்காது, எந்தச் செயின் எண்ணெய் தூசியைப் பிடிக்காது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மணாலிக்கு அப்பால் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3-ஆம் தேதி திறக்கப்பட்டபின், 3,978 மீட்டர் உயரமான ரோதாங் கணவாயில் ஏறாமலே லாஹுல் பள்ளத்தாக்குக்குப் போய்விடலாமாம். "ஆனாலும் அதற்கப்பால் பாராலாச்சா லா, தங்லங் லா என்று கணவாய்கள் இருக்கின்றன. தங்லங் லா 5,300 மீட்டருக்கும் மேல். அங்கே மூச்சு வாங்கும். தலைவலி வந்தால் வீரம் பேசாமல் கீழே இறங்கிவிடு" என்றார் முன்னாள் ராணுவ வீரர்.

பேச்சு மெல்லத் திரும்பியது. ஒவ்வொருவரும் தாம் எங்கே விழுந்தோம், ஏன் விழுந்தோம் என்று சொல்லத் தொடங்கினார்கள். "தூக்கம் வந்தும் நிற்காமல் ஓட்டினேன், தப்பு என்னுடையது." "டயரில் காற்று பார்க்காமல் கிளம்பினேன்." ஒருவரும் நகைக்கவில்லை. மற்றவர்கள் வண்டியின் வேகம் என்ன, சாலை எப்படி இருந்தது என்று கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டார்கள். முதன்முறையாக மலைக்குப் போகவிருந்த ஒரு வாலிபர், சாமானையெல்லாம் பின்னால் உயரமாகக் கட்டிவிட்டால் போதுமா என்று கேட்டார்.

அப்பொழுது நம் தம்பி பேசினார். "நான் சொல்கிறேன், பாய். 2024 ஜூனில் மண்டிக்கும் குல்லுவுக்கும் நடுவில் பியாஸ் ஆற்றை ஒட்டிய பாதையில் விழுந்தேன். கூடாரம், படுக்கை, கருவிகள், பெட்ரோல் கேன், எல்லாவற்றையும் பின்பக்கக் கேரியரில் தோள் உயரத்துக்குக் கட்டியிருந்தேன். 40 கிலோ இருக்கும். ஸ்பிரிங்கை இறுக்கவில்லை. முந்தின இரவே ஹெட்லைட் வெளிச்சம் சாலையில் விழாமல் மரத்தின்மேல் விழுந்தது. பின்பக்கம் அமிழ்ந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கூட வந்தவர்களை நிறுத்தச் சொல்ல வெட்கம். மறுநாள் ஒரு வளைவில் மண்சரிவின் பொடிக்கற்கள் கிடந்தன. முன்சக்கரம் வழுக்கிவிட்டது. வண்டியின்மேல் குறையில்லை, குறை என் கட்டில்தான். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. வண்டி என் காலின்மேல் கிடந்தது. இவர்கள் நாலு பேர் சேர்ந்துதான் தூக்கினார்கள்."

பக்கத்திலிருந்த இருவரைக் கைகாட்டினார். அவர்களே மருத்துவமனையில் மூன்று நாள் கூட இருந்தவர்கள். பின்பு ஆறு வாரம் தங்கள் அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள்.

"வீட்டில் என்ன சொன்னீர்கள்?" என்று அந்த வாலிபர் கேட்டார்.

தம்பி ஒரு கணம் என்னைப் பார்த்தார். "ஆபீஸ் டிரெய்னிங் என்று சொல்லிவிட்டேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தேநீர்க் கிளாசைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

என் கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிற்று. என் சபையின் பிள்ளை எலும்பு முறிந்து ஆறு வாரம் படுத்திருந்தான். அந்த ஆறு வாரமும் நான் பரிசுத்தவான்களின் ஐக்கியத்தைப் பற்றிப் போதித்துக்கொண்டிருந்தேன். அவனை ஆண்டவர் அறிந்திருந்தார், இந்த வண்டியோட்டிகள் அறிந்திருந்தார்கள். நான் அறியவில்லை.

இரண்டு பாரங்கள்

மெட்ரோ நிலையத்துக்கு இருவருமாய் நடந்தோம். "ஏன் தம்பி எனக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "நீங்கள் ஜெபிப்பீர்கள் என்று தெரியும் ஐயா. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் உதாரணமாக வரும் என்றும் தெரியும்" என்றார்.

பிரியமானவர்களே, முப்பது ஆண்டு ஊழியத்தில் என்னை அவ்வளவு சரியாக ஒருவரும் அளந்ததில்லை. அந்த நடைபாதையிலேயே நான் அவரிடத்தில் மன்னிப்புக் கேட்டேன். சபையார் முன்பாகச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்தேன், அது அன்பல்ல, பாவம் என்று சொன்னேன். அவர் என் கைகளைப் பிடித்துக்கொண்டார். வேறொன்றும் பேசவில்லை. லடாக் போக வேண்டாம் என்று சொல்லத்தான் நான் வந்திருந்தேன். அதை அன்று சொல்லவில்லை. "இந்தத் தடவை அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ரயிலில் திரும்பும்போது கலாத்தியருக்கு எழுதின நிருபத்தின் ஆறாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. அங்கே அப்போஸ்தலன், மற்றவரின் பாரத்தை நாம் சுமக்கவேண்டும் என்று இரண்டாம் வசனத்தில் கட்டளையிடுகிறார். ஐந்தாம் வசனத்திலோ, ஒவ்வொருவனும் தன்னுடையதைத் தானே சுமப்பான் என்கிறார். நம் தமிழ் வேதாகமத்தில் இரண்டிடத்திலும் பாரம் என்ற ஒரே சொல்தான். கிரேக்கத்தில் வெவ்வேறு சொற்கள் என்று வேதாகமக் கல்லூரியில் படித்திருக்கிறேன். முதலாவது 'பாரோஸ்', அழுத்துகிற கனம். இரண்டாவது 'ஃபோர்த்தியோன்', ஒருவனுக்கென்று குறிக்கப்பட்ட சுமை. தம்முடைய சுமை இலகுவானது என்று ஆண்டவர் சொன்ன இடத்திலும் இந்த இரண்டாம் சொல்லே வருகிறது. தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அதன் பொருளை நான் கண்ணால் கண்டது கரோல் பாக்கில்.

அந்த வண்டியோட்டிகளில் ஒவ்வொருவனும் தன் பைகளைத் தன் வண்டியில் கட்டுகிறான். தன் டயரின் காற்றைத் தானே பார்க்கிறான். அது அவனவன் சுமை. ஆனால் அவ்வளவு கனமான வண்டி 40 கிலோ சாமானோடு ஒருவன் காலின்மேல் விழுந்துவிட்டால், "உன் பாரத்தை நீ சுமந்துகொள்" என்று யாரும் கடந்துபோவதில்லை. நாலு பேர் இறங்கித் தூக்குகிறார்கள். ஏன் விழுந்தாய் என்ற கேள்வி அதற்குப் பின்புதான். அதுவும் அடுத்தவன் விழாதிருக்கும்பொருட்டு.

நம் சபைகளில் நடப்பது என்ன? பெருநகரங்களுக்குக் குடியேறிய நாம், ஊரில் இருக்கிறவர்களுக்கு முன்பாக உயர்ந்தவர்களாய்த் தோன்ற வேண்டியிருக்கிறது. சபையில் விசுவாச வீரராய்த் தோன்ற வேண்டியிருக்கிறது. சாட்சி நேரத்தில் வேலை கிடைத்ததைச் சொல்கிறோம். வேலை போனதைச் சொல்வதில்லை. வீடு கட்டியதைச் சொல்கிறோம். வட்டிக்கு வாங்கிய கடனைச் சொல்வதில்லை. பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்கிறோம். பிள்ளை வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டதைச் சொல்வதில்லை. ஹெட்லைட் மரத்தின்மேல் அடிக்கிறது, பின்பக்கம் அமிழ்ந்துவிட்டது என்று நமக்கே தெரிகிறது. வண்டியை நிறுத்தச் சொல்லத்தான் வெட்கம். குற்றங்களை ஒருவரிடத்தில் ஒருவர் திறந்து சொல்லி, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கும்படி யாக்கோபு எழுதியிருக்க, நாம் ஜெபத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சொல்லுவதை விட்டுவிட்டோம். சொன்னால் பிரசங்கத்தில் உதாரணமாகிவிடுவோம் என்கிற பயத்தை அவர்களுக்குள் உண்டாக்கியவர்கள் என்னைப் போன்ற மேய்ப்பர்களே.

அதற்குப் பின்பு

மறு ஞாயிறு நான் பீடத்திலிருந்து, 2023-ல் பேசிய அந்த வார்த்தைக்காகச் சபையாரிடத்தில் மன்னிப்புக் கேட்டேன். தம்பியின் பெயரைச் சொல்லவில்லை. விழுந்ததைப் பற்றியும் சொல்லவில்லை. அது அவருடையது.

அவர் தம் தாயாரிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இரண்டு நாள் அந்த வீட்டில் சமையல் சரியாக நடக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். மூன்றாம் நாள் தாயார் வண்டியின் பெட்ரோல் தொட்டிமேல் கைவைத்துச் சத்தமாய் ஜெபித்தார்களாம். வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப்பார்த்தாராம். மலைப்பயணம் பன்னிரண்டு நாள். கீலாங்கிலிருந்து ஒருமுறையும், லே நகரிலிருந்து ஒருமுறையும் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். இடையில் தொடர்பு கிடைக்காத நாட்களில், காட்டா லூப்ஸ் என்னும் 21 கொண்டையூசி வளைவுகளை எண்ணிக்கொண்டே முழங்காலில் நின்றேன். சுகமாய்த் திரும்பினார்.

இப்பொழுது எங்கள் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில், பாடலுக்குப் பின் கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். வெற்றியைச் சொல்ல அன்று. முதல் இரண்டு வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானே என் தவறுகளைச் சொன்னேன். மூன்றாம் வாரம் ஒரு குடும்பத் தலைவர் எழுந்து, வேலை போய் நான்கு மாதமாகிறது, காலையில் டை கட்டிக்கொண்டு கிளம்பிப் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னார். பக்கத்தில் அவருடைய மனைவி. அவர்களும் அன்றுதான் அறிந்தார்கள். அந்த இரவில் ஒருவரும் பிரசங்கம் செய்யவில்லை. நாலு பேர் இறங்கினார்கள்.

தம்பி எல்லா ஞாயிறும் வருகிறார் என்று சொல்ல நான் ஆசைப்படுகிறேன். உண்மை அதுவல்ல. மாதத்தில் இரண்டு மூன்று வாரம் வருகிறார். சில ஞாயிறுகளில் விடியற்காலம் ஐந்து மணிக்கு முர்த்தலுக்குக் கிளம்பி, பத்து மணி ஆராதனைக்குத் திரும்பி, தூசி படிந்த மேற்சட்டையோடு கடைசி வரிசையில் உட்காருகிறார். பெஞ்சியின்மேல் ஹெல்மெட். ஒருமுறை கூடவே அந்தப் பஞ்சாபி நண்பர்களில் ஒருவரும் வந்திருந்தார். தமிழ் ஒரு வார்த்தையும் புரியாமல் முழு ஆராதனையும் இருந்தார். அவரை எங்கள் சகோதரிகள் இட்லி சாப்பிடாமல் விடவில்லை.

இக்கட்டுரையை எழுதலாமா என்று தம்பியிடம் முன்னதாகவே கேட்டேன். கேட்காமல் எழுதினால் பழைய பிழையையே மறுபடியும் செய்தவனாவேன் அல்லவா? அவர் சிரித்தார். "எழுதுங்கள் ஐயா, பெயர் மட்டும் வேண்டாம். சாமான் கட்டுகிற கணக்கைச் சரியாக எழுதுங்கள். படிக்கிற யாராவது மலைக்குப் போவார்கள்" என்றார்.

எழுதிவிட்டேன். கனமானது தாழ்வாக, உடலுக்கு அருகில், இருபுறமும் சமமாக.

இதை வாசிக்கிற நீங்கள் இப்பொழுது எந்த வளைவில் இருக்கிறீர்களோ நான் அறியேன். பின்பக்கம் அமிழ்ந்திருக்குமானால், இன்றைக்கே வண்டியை நிறுத்தி, உடன் வருகிற ஒருவரிடத்தில் சொல்லுங்கள். உங்களிடத்தில் ஒருவர் வந்து சொல்வாரானால், முதலில் தூக்குங்கள். நம்முடைய பாரங்களைத் தம்மேல் ஏற்றுக்கொண்ட கர்த்தர்தாமே உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆமென்.